தொட்டால் காய்ந்திருக்கும் செயின், உள்ளே காய்ந்திருக்கிறதா?

கேள்வி இதுதான்: கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்த்திகை மழையில் மாட்டிக்கொண்ட ஒரு ஹைப்ரிட் சைக்கிள். சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து செயின், கேசட் (பின்சக்கரத்துப் பற்சக்கர அடுக்கு), பின் டீரெய்லர் (கியர் மாற்றச் செயினைத் தள்ளும் கை) மூன்றையும் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சோப்புத் தண்ணீரில் தேய்த்து, அலசி, பால்கனிக் கொடியில் தொங்கவிட்டிருக்கிறார் நண்பர். விடிந்து பார்த்தால் செயின் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் துரு. "தொட்டால் காய்ந்துதான் இருந்தது. எப்படிக் காய வைத்திருக்க வேண்டும்? அடுப்பில் காட்டலாமா? ஹேர் டிரையர் போதுமா? இந்தச் செயின் இனி தேறுமா?"

ரொம்ப நன்றாகக் கழுவிவிட்டீர்கள், அதுதான் வினை. எண்ணெய்ப் பிசுக்கு பார்க்க அசிங்கமாக இருந்தாலும் எஃகுக்கு அது ஒரு போர்வை. மண்ணெண்ணெயும் சோப்பும் சேர்ந்து அந்தப் போர்வையை உருவிவிட்டன. எண்ணெயே இல்லாத எஃகு ஈரத்தோடு இருந்தால் ஒரு மணி நேரத்திலேயே நிறம் மாற ஆரம்பிக்கும். நீங்கள் அதை ஒரு முழு ராத்திரி, அதுவும் அடைமழை மாதத்துச் சென்னை ராத்திரி, வெளியே தொங்கவிட்டிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் பால்கனியில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தை ஒட்டி நிற்கும். கொடியில் போட்ட பனியனே காயாது. இரும்பு துருப்பிடிக்க 60 சதவீதத்தைத் தாண்டினாலே போதும்.

இதோடு உப்பு வேறு. மழைக்காலத்தில் அடுப்படியில் கல் உப்பு ஜாடி நீர் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். கடலோரச் சாலையில் ஓடிய செயினிலும் அதேதான் நடக்கிறது. கடல் உப்பில் உள்ள மெக்னீசியம் குளோரைடு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உப்பு போகாமல் செயின் காயாது. உங்கள் வீடு அந்தப் பக்கமே என்றால் போர் தண்ணீரும் உப்பாகத்தான் இருக்கும். அதிலேயே கடைசி அலசலையும் முடித்திருந்தால், கழுவிவிட்டு மறுபடியும் உப்புத் தடவிய கதைதான். கடைசி ஒரு லிட்டரை மட்டுமாவது குடிதண்ணீர் கேனிலிருந்து எடுங்கள்.

கேசட்டும் டீரெய்லரும் ஏன் தப்பித்தன என்றால், கேசட்டின் பற்களுக்குப் பெரும்பாலும் நிக்கல் அல்லது குரோம் பூச்சு இருக்கும். டீரெய்லர் முக்கால்வாசி அலுமினியம். செயினிலும் பூச்சு இருக்கலாம், ஆனால் பல செயின்களில் அது வெளித் தகடுகளோடு நின்றுவிடும்.

சரி, "தொட்டால் காய்ந்துதான் இருந்தது" என்ற வரிக்கு வருகிறேன். முழுப் பிரச்சினையும் அந்த வரியில்தான் இருக்கிறது.

செயினில் ஒரே ஒரு கணுவை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளியே இரண்டு தகடு, உள்ளே இரண்டு தகடு, அவற்றைக் கோத்து ஒரு பின் (குட்டி அச்சாணி), நடுவில் பல்சக்கரத்தில் உட்காரும் உருளை. உள் தகடுகளின் ஓட்டையைச் சுற்றி உட்பக்கமாக ஒரு சின்ன விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும். உருளை சுழல்வது அந்த விளிம்பின் மேல், பின் சுழல்வது அந்த விளிம்புக்கு உள்ளே. ஆக, ஒரு கணுவுக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு இடுக்குகள். இரண்டுமே முடி நுழையும் அளவுதான். எண்ணெய் போய்ச் சேர வேண்டிய இடமும் அதுதான், தண்ணீர் ஒளிந்துகொள்ளும் இடமும் அதுதான். ஒரு செயினில் இப்படி 110-க்கு மேல் கணுக்கள்.

அகலமான பரப்பில் நிற்கும் தண்ணீர் காற்றுப் பட்டதும் போய்விடும். இடுக்கில் இருக்கும் தண்ணீரை இரண்டு பக்கச் சுவரும் சேர்ந்து பிடித்துக்கொள்கின்றன. அதற்குக் காற்று படும் வாசலும் மயிரிழை அளவுதான். வெளித் தகடு காய்ந்து பளபளக்கும்போது உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். நம்பிக்கை இல்லை என்றால், அடுத்த தடவை காய்ந்துவிட்டது என்று தோன்றும்போது செயினை ஒரு வெள்ளை டிஷ்யூ மேல் வைத்து, ஒரு கணுவைப் பக்கவாட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நெளித்துவிட்டு எடுங்கள். டிஷ்யூவில் ஊசிமுனை அளவில் ஈரப் பொட்டுகள் நிற்கும். துரு ஆரம்பித்திருந்தால் அந்தப் பொட்டு டீத்தண்ணி நிறத்தில் இருக்கும்.

அந்த நிலையில் மேலே எண்ணெய் விட்டால் என்ன ஆகும்? இடுக்கு ஏற்கெனவே நிரம்பியிருப்பதால் எண்ணெய் உள்ளே போகாது. தண்ணீருக்கு மூடி போட்டதுபோல் வாசலில் நிற்கும். இரண்டு நாள் ஓட்டியதும் தண்ணீரும் எண்ணெயும் கடைந்து, பழைய மோர் நிறத்தில் ஒரு கலவை உருளை ஓரத்தில் எட்டிப் பார்க்கும். "புது ஆயில் போட்டும் கீச்சுக் கீச்சென்கிறது" என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் சங்கதி.

ஆகவே செயின் காய்ந்ததா என்பதைக் கையையும் கண்ணையும் நம்பி முடிவு செய்யாதீர்கள், தராசை நம்புங்கள். நகை எடை பார்க்கும் குட்டி டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், 0.1 கிராம் வரை காட்டும். 11 கியர் செயின் ஒன்று கிட்டத்தட்ட கால் கிலோ இருக்கும், அந்த எடையைத் தாங்குகிற தராசாகப் பார்த்து வாங்குங்கள். உதறிய செயினை ஒரு தடவை நிறுங்கள். பிறகு அரை மணிக்கு ஒரு தடவை. எடை 256.4, 253.9, 253.1 என்று இறங்கிக்கொண்டே வந்து, 253.0-இல் அடுத்தடுத்து இரண்டு முறை நின்றால் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். தராசு வாங்கப் பிடிக்காதவர்களுக்கு ஒரு வழி: செயினை வெயிலில் சூடேற்றி, காய்ந்த கண்ணாடி ஊறுகாய் பாட்டிலில் போட்டு இறுக மூடி, பாட்டிலின் வெளிப்பக்கத்தில் ஈரத்துணியைச் சுற்றிக் கொஞ்ச நேரம் வையுங்கள். துணியை எடுத்ததும் கண்ணாடியின் உட்பக்கம் பனி பூத்திருந்தால் வேலை இன்னும் முடியவில்லை.

தராசு ஏமாற்றும் இடமும் ஒன்று உண்டு. உள்ளே மிச்சம் இருப்பது மண்ணெண்ணெய் என்றால் அது அவ்வளவு சீக்கிரம் ஆவியாகாது. எடை நின்றுவிட்டதுபோல் காட்டும். அதற்கு மூக்குதான் கருவி. வாசனை இருக்கிறவரை எண்ணெய் போடாதீர்கள், போட்டால் நீர்த்துப்போகும்.

இனி காய வைக்கும் முறை. முதல் வேலை உதறுவது. கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் மற்ற எல்லா வித்தைகளையும்விட இதில்தான் அதிகத் தண்ணீர் போகிறது. மொட்டை மாடிக்குப் போய், ஒரு முனையைத் துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, சாட்டை மாதிரிச் சுழற்றி வீசுங்கள். பிறகு முனையை மாற்றிப் பிடித்து இன்னொரு பத்து. பக்கத்தில் குழந்தை, ஜன்னல், மாமியார் காயப்போட்ட வடாம் எதுவும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் பனியன் வேஸ்ட்டுக்குள் செயினை இறுக்கிப் பிடித்து நீளமாக இழுத்துவிடுங்கள். இழுக்கும்போதே கணுக்களை மடக்கி மடக்கி விட்டால் உள்ளிருந்து கொஞ்சம் பிதுங்கி வரும்.

இரண்டாவது, எனக்கு மிகவும் பிடித்த வழி: கடைசி அலசலைக் கொதிக்கக் கொதிக்கச் செய்வது. சோப்பெல்லாம் போன பிறகு செயினை ஒரு பழைய பாத்திரத்தில் போட்டு, அப்போதுதான் இறக்கிய கொதிதண்ணீரை அது மூழ்கும்வரை ஊற்றி இரண்டு நிமிடம் விடுங்கள். இடுக்கியால் எடுத்து, கனமான கையுறை போட்டுக்கொண்டு உடனே உதறுங்கள். செயினே இப்போது ஒரு குட்டி அடுப்பு. கணக்குப் போட்டுப் பார்த்தால் கால் கிலோ எஃகு 90 டிகிரியிலிருந்து 40-க்கு ஆறுகையில் விடும் வெப்பம், சுமார் இரண்டரை கிராம் தண்ணீரை ஆவியாக்கப் போதுமானது. பாதி வெப்பம் சும்மா காற்றுக்குப் போனாலும் ஒரு கிராமுக்கு மேல் மிச்சம். மேலே காட்டிய எடைக் கணக்கோடு ஒப்பிட்டால் அது பெரிய அளவு. ஹேர் டிரையர் வெளியிலிருந்து உள்ளே சூடேற்றப் பார்க்கிறது, கொதிதண்ணீரில் ஊறிய செயினோ உள்ளிருந்தே சூடாக இருக்கிறது. இடுக்கில் நிற்கும் தண்ணீருக்கு இந்த வித்தியாசம் முக்கியம். ஒரே நிபந்தனை, மண்ணெண்ணெய் சுத்தமாகப் போன பிறகுதான் இந்த வேலை. அதன் ஆவி தீப்பற்ற 40 டிகிரியை ஒட்டிய சூடே போதும்.

பிறகு வெயில். எவர்சில்வர் தட்டில் வளையம் வளையமாகப் பரப்பி, காலை பத்து மணிக்கு மேல் மொட்டை மாடியில் வையுங்கள். நல்ல வெயிலில் தட்டு கை வைத்தால் எடுக்கும் சூட்டுக்கு வந்துவிடும். கால் மணிக்கு ஒரு தடவை திருப்பிப் போட்டு நெளித்துவிட்டால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் எடை நின்றுவிடும். இரவில் கழுவினால் இந்த உதவி இல்லாமல் போகிறது. வெயிலே வராத ஐப்பசி, கார்த்திகையில் ஏசி ஓடும் அறைதான் அடுத்த நல்ல இடம். ஏசி காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்து வெளியே விடுவதால் அந்த அறைக் காற்று உறிஞ்சும் காற்று. ராத்திரி முழுக்க மேசை மேல் செய்தித்தாள் போட்டு வைத்தாலே பெரும்பாலும் போதும். நனைந்த போனை அரிசியில் புதைப்பதுபோல் செயினைப் புதைக்காதீர்கள். அரிசித் தூசி உருளைக்குள் போவதுதான் மிச்சம்.

ஹேர் டிரையர் போதுமா என்றால், மேலே சொன்ன உதறல் நடந்திருந்தால் போதும். பத்து நிமிடம், செயின் கையில் சுடும்வரை, ஒரே இடத்தில் காட்டாமல். பெயின்ட் உரிக்கப் பயன்படும் ஹீட் கன் வேறு ஜாதி. அது 300 டிகிரிக்கு மேல் போகும். டீரெய்லரின் பிளாஸ்டிக் சக்கரங்களுக்கும் ரப்பர் சீல்களுக்கும் எமன்.

அடுப்பு வேண்டாம். ஒன்று, உள்ளே மிச்சம் இருக்கும் மண்ணெண்ணெய். இரண்டு, செயினின் பின்னும் தகடும் சூடுபடுத்திக் கடினமாக்கிய எஃகு. தீயில் நேராகக் காட்டினால் எந்த இடம் எவ்வளவு சூடானது என்று நமக்குத் தெரியாது, கடினம் இறங்கிவிட்டால் கண்ணுக்கும் தெரியாது. மைக்ரோவேவ் யோசனை வந்தவர்கள் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி யோசியுங்கள்.

ஸ்பிரிட் அல்லது ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் அலசுவது பற்றி நிறையப் பேர் சொல்வார்கள். நல்ல வழிதான். அது தண்ணீரோடு முழுமையாகக் கலக்கும். பரப்பு இழுவிசை தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால் இடுக்குக்குள் சரசரவென்று இறங்கி, அங்கே உள்ள தண்ணீரைத் தன்னோடு கலந்து வெளியே கொண்டுவரும். மொபைல் சர்வீஸ் கடைக்காரர்கள் போர்டு துடைக்க வைத்திருப்பார்கள். சென்னையில் ரிச்சி தெருவில் லிட்டர் கணக்கில் கிடைக்கும். 99 சதவீதம் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். ஒரு மூடி போட்ட பாட்டிலில் 100 மில்லி ஊற்றி, உதறிய செயினைப் போட்டுக் குலுக்கி எடுத்தால் போதும். கை கழுவும் சானிடைசர் இதற்கு மாற்று ஆகாது. அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கும், கிளிசரின் போகாமல் பிசுபிசுவென்று தங்கி ஈரத்தைக் கூப்பிடும்.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு கண்ணி இருக்கிறது. ஆல்கஹால் வேகமாக ஆவியாகும்போது உலோகம் குளிர்ந்துபோகும். ஈரம் மிகுந்த சென்னைக் காற்றில் உலோகம் நாலைந்து டிகிரி குளிர்ந்தாலே அதன் மேல் பனி படியும். ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பது போலத்தான். காசு கொடுத்து வாங்கிய ஆல்கஹாலால் தண்ணீரை வெளியேற்றி, காற்றிலிருந்து புதுத் தண்ணீரை வரவழைத்த மாதிரி ஆகிவிடும். குளிர்நாட்டுக்காரர்கள் காட்டும் வீடியோவில் இது வராது. அதனால் ஆல்கஹாலில் முக்கி எடுத்த செயினை நிழலில் தொங்கவிடாமல், ஏற்கெனவே வெயிலில் சூடான தட்டின் மேல் போடுங்கள். சுற்றுவட்டாரத்தில் தீ, பீடி, ஊதுவத்தி எதுவும் கூடாது.

டபிள்யூடி-40 ஸ்பிரே அடித்தால் ஆகாதா? அதன் பெயரே தண்ணீரை விரட்டுவது என்பதன் சுருக்கம்தான். 1953-இல் சான் டியேகோவில் ஒரு சிறு கம்பெனி, ராக்கெட்டுப் பாகங்கள் துருப்பிடிக்காமலிருக்க நாற்பதாவது முயற்சியில் செய்த கலவை. தண்ணீரை விரட்டும் வேலையைச் சரியாகவே செய்யும். ஆனால் அது செயின் ஆயில் இல்லை. அவசரத்துக்கு அடியுங்கள், நன்றாகத் துடையுங்கள், ஒரு நாள் விட்டு உண்மையான ஆயில் போடுங்கள். செயினுக்கு எண்ணெய்க்குப் பதில் உருக்கிய மெழுகு போடப் போகிறவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம், அதன் எண்ணெய்ப் படலத்தின் மேல் மெழுகு ஒட்டாது.

மெழுகு என்றதும் ஒன்று. "சூடான மெழுகே தண்ணீரை விரட்டிவிடும்" என்று ஈரச் செயினை அப்படியே முக்குகிறார்கள். நாம் வீட்டில் மெழுகு உருக்குவது தண்ணீருக்குள் பாத்திரம் வைத்து. அந்த முறையில் மெழுகு 100 டிகிரியை எட்டவே எட்டாது. உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்து வெளியேறாமல், மெழுகு மூடி போட்டுக்கொண்டு அங்கேயே இருக்கும். நேரடி அடுப்பில் 100-க்கு மேல் போனாலோ, தாளிக்கும் எண்ணெயில் ஈரக் கறிவேப்பிலை போட்ட கதை. மெழுகுக்கு முன்னால் செயின் எலும்பு மாதிரி காய்ந்திருக்க வேண்டும்.

பஞ்சர் கடை கம்ப்ரஸர் காற்று பற்றி என் சொந்த அனுபவம். கழுவிய செயினையும் கேசட்டையும் ஒரு கடைக்கு எடுத்துப்போய் "கொஞ்சம் காற்று அடித்துக் கொடுங்கண்ணே" என்றேன். அடித்தார். முதல் இரண்டு நொடி காற்றோடு சேர்ந்து துரு கலந்த தண்ணீர்ச் சாரல்தான் வந்தது. கம்ப்ரஸர் காற்றை அழுத்தும்போது அதிலுள்ள ஈரம் டாங்கின் அடியில் தங்கிவிடும், அதை அவ்வப்போது திறந்து வடிக்க வேண்டும். அவர் மழைக்காலம் முழுக்க வடிக்கவில்லை போலிருக்கிறது. அன்றிலிருந்து, முதலில் ஒரு காகிதத்தின் மேல் அடிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பாகத்தை நீட்டுகிறேன். காற்று சுத்தமாக இருந்தால் அதைப்போல இடுக்கை ஊதித் தள்ளுவது வேறில்லை. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பால்ரஸ் இருக்கும் எந்த இடத்திலும் நேராக அடிக்காதீர்கள், சீலைத் தாண்டித் தண்ணீரும் மண்ணும் உள்ளே போய்விடும்.

கேசட் சுலபம். பற்சக்கரங்களுக்கு நடுவே வேட்டிக் கிழிசலை நாடா மாதிரி விட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போடுவதுபோல இழுத்துவிட்டு, வெயிலில் செங்குத்தாகச் சாய்த்து வைத்தால் முடிந்தது. தண்ணீர் தங்குவது சக்கரங்களைக் கோர்த்த ஆணிகளைச் சுற்றியும், பின்பக்கம் ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடத்தில்) ஏறும் காடிகளிலும். மாட்டுவதற்கு முன் அந்தக் காடியிலும், கேசட்டை இறுக்கும் வளையமான லாக்ரிங்கின் மரையிலும் லேசாக கிரீஸ் தடவுங்கள். இல்லையென்றால் அடுத்த வருடம் கழற்றும்போது உங்களுக்கும் அதற்கும் மல்யுத்தம்தான்.

கேசட் ஏறி உட்காரும் ஃப்ரீஹப்பையோ, பழைய பாணி ஃப்ரீவீலையோ மட்டும் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். உள்ளே குட்டிக் குட்டிக் கொக்கிகளும் அவற்றைத் தள்ளும் மயிர் போன்ற ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. பெடலை நிறுத்தினால் கேட்கும் டிக்டிக் அவற்றின் சத்தம். அங்கே துருவோ கெட்டிப்போன கிரீஸோ சேர்ந்தால் கொக்கி எழும்பாது, ஒரு நாள் நடுரோட்டில் பெடல் சும்மா சுற்றும். ஃப்ரீவீல் ஏற்கெனவே நனைந்துவிட்டது என்றால் சக்கரத்தைப் படுக்க வைத்து, சுழலும் பாகத்துக்கும் நிற்கும் பாகத்துக்கும் நடுவிலுள்ள வளைய இடுக்கில் மெல்லிய எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டபடி சுழற்றுங்கள். தையல் மெஷின் எண்ணெய் இதற்கு அருமையாக இருக்கும். பின்பக்கத்திலிருந்து முதலில் காப்பி நிறத்தில் ஒழுகும், பிறகு தெளியும். தெளிந்ததும் நிறுத்துங்கள். ஃப்ரீஹப் நனைந்திருந்தால் மெக்கானிக்கிடம் கொடுத்து அதற்குரிய கிரீஸ் மாற்றச் சொல்லுங்கள், எண்ணெயோடு தப்பிக்கப் பார்க்க வேண்டாம்.

டீரெய்லரில் இரண்டு சின்னச் சக்கரங்களையும் கழற்றி, அவற்றின் நடுவிலுள்ள உலோகக் குழலைத் துடைத்து, துளி கிரீஸ் வைத்து மாட்டுங்கள். மேல் எது, கீழ் எது, எந்தப் பக்கம் வெளியே என்று கழற்றுமுன் போனில் ஒரு படம். ஸ்பிரிங் மூட்டுகளில் ஒரு துளி எண்ணெய், துடைப்பு, அவ்வளவுதான். சைக்கிள் ஃபிரேமுக்குள் போன தண்ணீரைத்தான் எல்லோரும் மறப்பார்கள். சீட் கம்பத்தை உருவிவிட்டு சைக்கிளைத் தலைகீழாகக் கால் மணி நேரம் நிறுத்துங்கள். நான் முதல்முறை செய்தபோது ஒரு டம்ளர் நிறைய வந்தது. அதுவரை அது பெடல் அச்சின் பால்ரஸ் மேல் குளம் கட்டி நின்றிருக்கிறது.

காய்ந்தது உறுதியானதும் எண்ணெய் உடனே. சாப்பிட்டுவிட்டு வந்து போடலாம் என்று விடாதீர்கள். காய்ந்த வெறும் எஃகு காற்று ஈரத்திலேயே மங்க ஆரம்பிக்கும். ஒவ்வொரு உருளைக்கும் ஒரு துளி, செயினின் உட்பக்கத்தில். பெடலைப் பின்னோக்கி இரண்டு நிமிடம் சுற்றி, சில மணி நேரம் விட்டு, வெளியே இருப்பதை முழுக்கத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய், சமையல் எண்ணெய் வேண்டாம். சமையல் எண்ணெய் நாளாக நாளாகக் கோந்தாகிவிடும், தேங்காய் எண்ணெய் மார்கழி விடியற்காலையில் உறைந்து நிற்கும்.

இவ்வளவு பாடு தேவையா என்றால், எனக்கே அந்தச் சந்தேகம் உண்டு. சின்ன வயதில் எங்கள் தெருமுனை சைக்கிள் கடை அண்ணன் ஓவராயிலுக்கு வந்த வண்டியின் செயினில் தண்ணீர் காட்டி நான் பார்த்ததே இல்லை. ஒரு டப்பா மண்ணெண்ணெய், பெயின்ட் பிரஷ், கைநிறைய பனியன் வேஸ்ட். தேய்ப்பார், இன்னொரு டப்பாவின் தெளிந்த மண்ணெண்ணெயில் ஒரு முக்கு, துடைப்பு, ஆணியில் மாட்டிவிடுவார். மறுநாள் எண்ணெய். அழுக்கு டப்பாவைச் சாக்கடையில் கொட்டாமல் தெளியவிட்டு மேலே இருப்பதை மறுபடி எடுத்துக்கொள்வார். தண்ணீரே படாத செயினுக்கு ஏது துரு? மழைக்காலத்தில் நானும் இதையே செய்கிறேன். ரேஷன் மண்ணெண்ணெய் அருகிவிட்டதால் பெயின்ட் கடை டர்பன்டைன். சோப்பும் தண்ணீரும் வெயில் காலத்துக்கு, அல்லது உப்பில் ஓடிய வண்டிக்கு. உப்பு மண்ணெண்ணெயில் கரையாது, அதற்குத் தண்ணீர்தான் வேண்டும். உங்கள் விஷயத்தில் தண்ணீர் பிடித்தது சரியான முடிவு, நேரம்தான் தப்பு.

இனி உங்கள் செயின். துருவைப் போக்க எலுமிச்சை, வினிகர், புளி என்று எதையும் தொடாதீர்கள். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி சரி. கடினமாக்கிய செயின் எஃகில் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து உலோகம் நொறுங்கும் தன்மைக்குப் போய்விடலாம். வெளியே பளபளவென்று இருக்கும், ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கையில் தகடு விரிசல் விடலாம். ஷிமானோவின் கையேடுகளிலேயே அமிலமோ காரமோ கலந்த துரு நீக்கிகள் கூடாது என்ற எச்சரிக்கை இருக்கிறது.

ஒரே ராத்திரியில் வந்த துரு என்பதால் பெரும்பாலும் அது தோல் மட்டும்தான். மெல்லிய எண்ணெய் நனைத்த துணியால் அழுத்தித் துடையுங்கள், ஆரஞ்சு போய்விடும். பிறகு ஒவ்வொரு கணுவாக மடக்கிப் பாருங்கள். விறைத்து நிற்கும் கணு இருந்தால் எண்ணெய் விட்டுப் பக்கவாட்டில் நெளித்து இளக்குங்கள். அடுத்து ஸ்கேலை வைத்து அளவு: ஒரு பின்னின் மையத்தில் சுழியம், 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் மையம் சரியாக நிற்க வேண்டும். ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தாண்டியிருந்தால் செயின் அரை சதவீதம் தேய்ந்துவிட்டது. அப்படியானால் துருவைப் பற்றி யோசிக்காமல் புதுசு வாங்கிவிடலாம். அளவு சரியாக இருந்தால் மேலே சொன்னபடி காய வைத்து, எண்ணெய் போட்டு, செயினின் இரு முனைகளையும் சேர்க்கும் இணைப்பு லிங்கைப் புதிதாகப் போட்டு மாட்டி இருபது, முப்பது கிலோமீட்டர் ஓட்டுங்கள். 11, 12 கியர் செயின்களில் பல கம்பெனிகள் அந்த லிங்கை ஒரு தடவைக்கு மேல் போடக் கூடாது என்கின்றன.

வந்ததும் ஒரு வெள்ளைத் துணியில் செயினைப் பிடித்துப் பெடலைச் சுற்றுங்கள். கறுப்பாக வந்தால் கவலையில்லாமல் ஓட்டுங்கள். செம்மண் நிறத்தில் வந்தால் மறுபடி எண்ணெய் விட்டு, துடைத்து, இன்னொரு நாள் ஓட்டிப் பாருங்கள். மூன்றாவது தடவையும் செம்மண்ணாகவே வந்தால், துரு பின்னுக்கும் விளிம்புக்கும் நடுவில் உட்கார்ந்து அரைத்துக்கொண்டிருக்கிறது. அது கேசட்டையும் சேர்த்துத் தின்பதற்குள் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.